அம்புஜத்தின் பச்சைப் புடவை எந்தக் கடை?

போன வாரம் எர்ணாகுளம் படகில் எனக்கு ஒரு விபத்து. பதறாதீர்கள்... படகு பத்திரமாகத்தான் இருக்கிறது. அடிபட்டது என் வயிற்றில். அதுவும் பழைய எரிச்சல் இருந்த இடத்திலேயே!

மட்டாஞ்சேரி ஜெட்டியில் ஏறும்போது யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதைக் கேட்டுவிட்ட ஒரு பெண்மணி நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சேலத்துக்காரர். கணவருக்குக் களமசேரித் தொழிற்சாலையில் வேலை. ஊருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகிறதாம்.

"ஏனுங்க, வாராவாரம் பத்திரிகையில எழுதறது நீங்கதானுங்களே?"

நான் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதைப் பாராட்டப் போகிறாரோ?

"உங்களுக்குத் தெரியாத எடம் இருக்காது. இங்க நல்ல சேலை எங்க கெடைக்குமுங்க? பார்க்க அம்சமா இருக்கோணும். வெலையக் கேட்டு எங்க வூட்டுக்காரரு மயக்கம் போட்டு விழுகக் கூடாது."

பாராட்டு வராவிட்டால் போகிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டாஞ்சேரியில் என்னை விட்டால் ஆள் கிடையாது. ஒரே ஒரு பச்சைப் புடவை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கண்டுபிடிக்க, இந்த ஊரில் உள்ள ஜவுளிக் கடைப் படி ஒன்று விடாமல் ஏறி இறங்கியவள் நான். படகு நகர்ந்ததும் ஆரம்பித்துவிட்டேன்.

கையில் தாராளமாக இருக்கிறதா? இந்தப் படகிலேயே போய் எர்ணாகுளத்தில் இறங்கி பிராட்வேக்கு நடையைக் கட்டுங்கள். கண்ணாடி அலமாரி, மின்விசிறி, உட்கார நாற்காலி, குடிக்கச் சோடா எல்லாம் உண்டு. சோடாவின் விலையும் புடவையில்தான் சேர்ந்திருக்கும்.

நடுத்தரமா? மட்டாஞ்சேரி கடைத்தெருவில் சேட்டு கடை. குஜராத்திக்காரர். அவர் முதலில் விரிக்கும் புடவைகளைக் கண்ணெடுத்தும் பார்க்காதீர்கள். "வேண்டாம் சேட்டு" என்று எழுந்து செருப்பை மாட்டும்போது பின்பக்க அலமாரியிலிருந்து ஒன்றை உருவுவார். அதுதான் புடவை.

அதுவும் கட்டுப்படியாகாதா? பஜாருக்குப் பின்னால் கைவண்டியில் கட்பீஸ் குவித்திருப்பார்கள். காலையில் போனால் பூப்போட்ட வாயில் துணி கிடைக்கும். மத்தியானம் போனால் நாலு பேர் இழுத்துப் போட்ட வாயில் கிடைக்கும். காதிக் கடைக்குக் காந்தி ஜெயந்தித் தள்ளுபடியில் போங்கள். அப்புறம்... துறைமுகத்துப் பக்கம் கப்பல்காரர்கள் கொண்டுவரும் சிங்கப்பூர் நைலான் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்!

சேலத்துப் பெண்மணி விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டார். அவரிடம் சொல்லாத கதையை உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் எனக்கு என்ன ஒளிவு மறைவு?

அம்புஜம் என் எதிர்வீட்டுக்காரி. ஏறக்குறைய என் வயது. அவள் கணவரும் என் கணவரும் ஒரே மிளகுக் கம்பெனியில், ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர்கள். ஒரே சம்பளம், ஒரே போனஸ், முதலாளியைப் பற்றி ஒரே முணுமுணுப்பு. எனக்கு இரண்டு பையன்கள், அவளுக்கும் இரண்டு பையன்கள். அப்படியிருக்க, அவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது புடவை?

ஒரு விசேஷம் விடமாட்டாள். இன்றைக்கு நாவல்பழ நிறம் என்றால் அடுத்த விசேஷத்துக்குக் காப்பிக்கொட்டை நிறம். எந்தக் கடையிலும் நான் பார்க்காத நிறங்கள். உடல் ஒரு தினுசு, கரை ஒரு தினுசு... ஆனால் இரண்டும் அப்படிப் பொருந்தித் தொலைக்கும். "எங்கேடீ வாங்கினே?" என்று கேட்டால், மனுஷி பதில் சொல்ல வேண்டாமா? தலைப்பை லேசாகத் தட்டிவிட்டுக்கொண்டு சொல்வாள்:

"இதா? பழசுடீ, பாகீ!"

பழசாம்! யாரிடம் கதை விடுகிறாள்? கடையின் பெயரைச் சொன்னால் நானும் போய் வாங்கிவிடுவேனாம். அத்தனை கல்நெஞ்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரே ஒரு ஆறுதல் உண்டு. அவளுடைய சமையலறை. அங்கே எவர்சில்வர் என்று சொல்லப் பேருக்கு இரண்டு டம்ளர் இருக்கும். மற்றதெல்லாம் ஈயம் பூசிய பித்தளை. என் சமையலறைக்கு வந்து பாருங்கள். அடுக்கு, தூக்கு, டிபன் கேரியர்... முகம் பார்த்துத் தலை வாரலாம். எல்லாம் பாத்திரக்காரி செல்லம்மாவின் தயவு.

செல்லம்மா மதுரைப் பக்கத்திலிருந்து வந்து தோப்பும்படியில் குடியிருக்கிறவள். பழைய துணியைப் போட்டால் மூட்டையில் கட்டிக்கொண்டு பாத்திரம் தருவாள். பருத்தி வேஷ்டிக்குக் கரண்டி. பட்டுப் புடவை என்றால் அவள் குரலே குழையும். அவள் கூடையைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு குழையும். எங்கள் தெருவில் முதலில் என் வீட்டில் கூடையை இறக்குவாள், பிறகு எதிர்வீட்டில். அம்புஜம் வீட்டில் அப்படி என்ன பேரம் என்று நான் யோசித்ததே இல்லை. அவளிடம்தான் பாத்திரம் எதுவும் கூடவில்லையே!

போன வருஷத்து நவராத்திரியில் அந்தப் பச்சைப் புடவை வந்தது.

பட்டு. ஆழமான, அமர்க்களமில்லாத பச்சை. அரக்கு நிறத்தில் ஜரிகைக் கரை. கொசுவத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே, பட்டு நூலில் பின்னிய ஒரு மாங்காய். புடவை முழுவதும் மாங்காய் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு மாங்காய் போட்டு நிறுத்திக்கொள்ளும் தைரியம் எந்த நெசவாளிக்கு வரும்?

என் கொலுவில் அந்த வருஷம் புதிதாகச் செட்டியார் பொம்மை வைத்திருந்தேன். ஒரு ஜீவன் அவரைப் பார்க்கவில்லை. வந்தவர்களெல்லாம் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு அம்புஜத்தின் மாங்காயைத்தான் பார்த்தார்கள்.

"எந்தக் கடை, அம்புஜம்?"

"பழசு, மாமி. ஆத்துல கெடந்ததாக்கும்."

அன்றைக்கு எனக்குச் சுண்டல்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. மறுநாளே சேட்டு கடைக்குப் போனேன். பச்சை, அரக்குக் கரை, ஒற்றை மாங்காய் என்று விவரம் சொன்னேன். சேட்டு யோசித்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"ஒரு மாங்கா போராம்மா. நூறு மாங்கா உள்ளது இருக்கு. எடுக்கட்டே?"

பிராட்வேயிலும் இல்லை. காதிக் கடையிலும் இல்லை. வெறி வந்துவிட்டது. அவள் பட்டுக் கட்டினால் நான் என்ன இளைத்தவளா? துறைமுகத்துப் பக்கம் ஆள் விட்டு, ரோஜா நிறத்தில் வெள்ளிப் பொட்டு வைத்த சிங்கப்பூர் நைலான் வரவழைத்தேன். என் கணவர் அதை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா, கொசுவலைக்கு எதுக்குடீ வெள்ளிப் பொட்டு?"

இந்த மனிதரோடு நான் எப்படிக் குடித்தனம் நடத்துகிறேன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் என் வயிற்றெரிச்சலோடு போயிருந்தால் பரவாயில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவள் என் நாத்தனார் சரசு. மாமனார், மாமியார் இல்லை. அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். கொஞ்சம் மாநிறம், லட்சணமான முகம், அதிர்ந்து பேசத் தெரியாத பெண். கார்த்திகையில் திருச்சூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நான் அவளுக்கு எதைக் கட்டினேன் என்று நினைக்கிறீர்கள்? நைலானைத்தான்! எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அம்புஜம் பார்க்க வேண்டும் அல்லவா?

நைலானுக்கு உடம்பில் நிற்கத் தெரியாது. சரசு நமஸ்காரம் செய்யக் குனிந்தாள். தலைப்பு தோளிலிருந்து சர்ரென்று வழுக்கி, மாப்பிள்ளையின் அப்பாவுடைய காப்பியில் போய் விழுந்தது. அவர் மடியில் காப்பி, சரசுவின் கண்ணில் கண்ணீர். "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று புறப்பட்டார்கள். நிறம் போதவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ரோஜா நிறத்தில் யார் நின்றாலும் நிறம் போதாமல்தான் போகும். சரசு என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தை மாதத்தில் பாலக்காட்டிலிருந்து இன்னொரு வரன். பையனுக்கு ரயில்வேயில் உத்தியோகம். போட்டோ வந்தது. சரசு அதைப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தாள். பிறகு மேஜையைத் துடைக்கும் சாக்கில் மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"மன்னி, நேக்கு அம்புஜம் மாமியோட பச்சைப் புடவைதான் வேணும். அது கெடைக்கலேன்னா நான் வெளீலயே வரமாட்டேன், கேட்டேளா?"

அதிர்ந்து பேசத் தெரியாத பெண் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்குப் பேசினாள்.

அம்புஜத்திடம் போய் இரவல் புடவை கேட்பதா? அதுவும் நானா? அதுவும் அந்தப் புடவையையா? காயலில் குதிக்கச் சொன்னால்கூட யோசிக்காமல் குதித்திருப்பேன். ஆனால் காப்பியில் விழுந்த தலைப்பு கண்முன்னால் வந்து நின்றது. தெருவைக் கடந்து போனேன். எங்கள் தெரு அத்தனை அகலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் கேட்டதும் அம்புஜத்தின் முகம் சுருங்கிவிட்டது.

"அதா... அது வேண்டாண்டீ. நாவல்பழக் கலர் தரட்டா? சரசுவுக்கு நன்னாச் சேரும்."

"பச்சைதான் வேணுமாம்."

"காப்பிக்கொட்டைக் கலர்?"

"அம்புஜம், இஷ்டமில்லேன்னா இல்லேன்னு சொல்லிடு."

இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். பிறகு, "சரசுவுக்குன்னா தரேன். ஆனா நானே வந்து உடுத்தி விடறேன். நீ புடவையைத் தொட வேண்டாம், என்ன?" என்றாள்.

நான் தொட வேண்டாமாம்! நான் தொட்டால் பட்டு கறுத்துவிடுமா? மாங்காய் உதிர்ந்துவிடுமா? பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

பெண் பார்க்கும் நாளன்று பையன் வீட்டார் சொன்னதற்கு முந்தின படகிலேயே வந்துவிட்டார்கள். உள்ளறையில் அம்புஜம் சரசுவுக்குப் பூ வைத்துத் தைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் பின்னலில். வாசலில் செருப்புச் சத்தம். இன்னும் புடவையே கட்டவில்லை!

நான் புடவையைப் பிரித்தேன்.

"இரு பாகீ, இதோ ஆச்சு, நான் கட்டறேன்..."

"அவா வாசலுக்கு வந்தாச்சுடீ!"

உள்முனையை எடுத்துச் சரசுவின் இடுப்பில் செருகப் போனேன். முனையின் ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு குறுக்குத் தையல். ஒரு சின்னப் பெருக்கல் குறி.

எனக்குக் கை நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். எங்கள் அப்பாவுக்கு மூன்று பெண்கள். எந்த விசேஷத்துக்கும் மூன்று பேருக்கும் ஒரே மாதிரிப் புடவைதான் எடுப்பார். ஒருத்திக்கு ஒருத்தி பொறாமை வரக் கூடாதாம். துவைத்து மடித்தால் எது யாருடையது என்று தெரியாமல் சண்டை வரும். அதனால் அம்மா உள்முனையில் ஆளுக்கொரு நிறத்தில் தையல் போட்டு வைப்பாள். பெரியக்காவுக்கு நீலம், சின்னக்காவுக்குக் கறுப்பு, எனக்குச் சிவப்பு.

அது என் புடவை! எலுமிச்சை மஞ்சளில் இருந்தது. கல்யாணம் ஆகி மட்டாஞ்சேரியில் வந்து இறங்கியபோது நான் கட்டியிருந்தது. அந்த நவராத்திரிக்கு முந்தின வருஷம் கார்த்திகை விளக்குச் சுட்டுக் கொசுவத்தில் ஓட்டை விழுந்ததும், அதைச் செல்லம்மாவிடம் போட்டு ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கியிருந்தேன். மாங்காயைப் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கத்தில், பின்னலுக்கு நடுவே, கருகிய விளிம்பு எட்டிப் பார்த்தது.

நிமிர்ந்தேன். அம்புஜம் என்னைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த பூச்சரம் அப்படியே நின்றது. இத்தனை மாதம் நான் வயிறெரிந்தது என் புடவையைப் பார்த்தா? கடை கடையாக ஏறி இறங்கித் தேடியது என் பெட்டியிலிருந்து நானே தூக்கிக் கொடுத்ததையா?

"என்ன மன்னி, கிழிஞ்சிருக்கா?" என்று சரசு கேட்டாள்.

"ஒண்ணுமில்லை. கொசுவம் சரியா வரலை" என்று சொல்லிச் சிவப்புத் தையலை உள்ளே செருகினேன்.

சரசு காப்பித் தட்டோடு போனாள். நமஸ்காரம் செய்தாள். புடவை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அந்தப் பச்சையில் அவள் முகம் துலங்கியதைப் பார்த்து எனக்கே கண் நிறைந்தது. பையன் ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள். பிறகு பையனின் அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தலைப்பைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"புடவை பேஷா இருக்கே! எங்கே எடுத்தேள்? எர்ணாகுளமா?"

கதவோரம் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர். அவர்களுக்கு நடுவில் அம்புஜம், முகத்தில் ரத்தமே இல்லாமல். புடவை அம்புஜத்துடையது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதற்கு மேலும் தெரியும். ஒரே வார்த்தை... நாக்கு நுனியில் வந்து தித்தித்தது. நவராத்திரி முழுவதும் நீங்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது பாகீரதி கழித்துப் போட்ட ஓட்டைப் புடவை! சொல்லியிருந்தால் எனக்கு ஜன்ம சாபல்யம்.

சரசு தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் மட்டும் அந்த மாங்காயைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பழசு மாமி. ஆத்துல இருந்ததுதான்" என்றேன்.

பெருந்தன்மை என்று நினைத்து என்னைப் பாராட்டிக் கடிதம் எழுதிவிடாதீர்கள். எதிர்வீட்டுக்காரி என் பழசைக் கட்டுகிறாள் என்று சொன்னால், எங்கள் வீட்டுப் பெண் அதை இரவல் வாங்கிக் கட்டியிருக்கிறாள் என்பதும் சபைக்கு வருமே!

பையனின் அம்மா தலைப்பைக் கீழே விட்டார்.

"பழசா! பார்த்தாச் சொல்ல மாட்டா. எங்காத்துலயும் இப்படித்தான், எதையும் தூக்கி எறியமாட்டோம். இந்தக் காலத்துப் பொண்கள் புதுசு புதுசுன்னு பறக்கறதுகளே, எப்படியிருக்குமோன்னு பயந்துண்டே வந்தேன்" என்றார். பிறகு தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமினார். அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம்.

எல்லோரும் போனபிறகு அம்புஜம் என் சமையலறைக்கு வந்தாள். நான் அந்தத் தூக்கை எடுத்து அவள் முன்னால் ணங்கென்று வைத்தேன்.

"எத்தனை நாளாடீ நடக்கறது?"

"நான் எப்பவும் பழசுன்னுதானே சொன்னேன்? நீதான் நம்பலை" என்றாள் மெதுவாக. "நீ செல்லம்மாகிட்ட புடவை கொடுத்துப் பாத்திரம் வாங்கறே. நான் பாத்திரம் கொடுத்துப் புடவை வாங்கறேன். கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் முழுக்க அவ கூடைக்குத்தான் போச்சு. சாயம் போடச் சொல்லி, சேட்டு கடையில கரை வாங்கித் தைப்பேன். ஓட்டை இருந்தா அது மேல பூப் போட்டுடுவேன்."

"ஊர்ல இல்லாத புடவையா? என்னோடதுதான் கெடைச்சுதா?"

அம்புஜம் தூக்கின் மூடியைத் திறந்து மூடினாள்.

"உன்னோடதுன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன். நீ கல்யாணம் ஆகி இந்தத் தெருவுல வந்து எறங்கறச்சே அந்த மஞ்சளைத்தான் கட்டிண்டிருந்தே. நான் ஜன்னல்ல நின்னு பார்த்தேன். ஜரிகையும் அதுவுமா... அன்னிக்கு நேக்குச் சோறு எறங்கலைடீ. ஒவ்வொரு வாட்டி நீ அதைக் கட்டறச்சயும் வயிறெரிஞ்சு செத்திருக்கேன். செல்லம்மா மூட்டையில அதைப் பார்த்ததும் கையும் ஓடலை, காலும் ஓடலை. மஞ்சளா இருந்தா நீ கண்டுபிடிச்சுடுவேன்னு நீலத்துல முக்கினேன். பச்சையாச்சு."

நீங்கள் நம்பினால் நம்புங்கள்... எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. என்னைப் பார்த்து அம்புஜம் வயிறெரிந்திருக்கிறாள்! அதுவும் எனக்கு முன்னாலேயே! அந்த மகிழ்ச்சியில் அவளுக்கு டிகாக்‌ஷன் கூட விட்டு நுரை பொங்க ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"எடுத்துக்கோ. உன்னோட புடவைதானே" என்று பச்சையை என் பக்கம் நகர்த்தினாள். நான் திருப்பி நகர்த்திவிட்டேன். தூக்கைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

சரசு கல்யாணத்துக்கு அதைத்தான் அம்புஜம் கட்டிக்கொண்டு வந்தாள். நான் பிராட்வேயில் புதுப் பட்டு எடுத்திருந்தேன். முகூர்த்தத்தில் என்னிடம் ஒருவராவது எந்தக் கடை என்று கேட்க வேண்டுமே? எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். அவளும் தலைப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு அதே பதிலைச் சொன்னாள். சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. மஞ்சளில் எனக்கு இருந்ததைவிடப் பச்சையில் அவளுக்கு நன்றாகவே இருந்தது. எரியாமல் என்ன செய்யும் வயிறு?

படகு எர்ணாகுளத்தில் வந்து நின்றது. சேலத்துப் பெண்மணி எழுந்துகொண்டே கேட்டார்: "அவ்வளவுதானுங்களா? வேற எடம் எதுவும் விட்டுப் போகலீங்களே?"

"வேறே எதுவும் இல்லை" என்றேன்.

நேற்றுக் காலையில் தெருமுனையில் செல்லம்மாவின் குரல் கேட்டது. அடுப்பில் பால் பொங்கினால் பொங்கட்டும் என்று ஓடினேன். இந்தத் தடவை பாத்திரம் வாங்க அல்ல.

எனக்கு முன்னால் அம்புஜம் அங்கே உட்கார்ந்து பழந்துணி மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்!